பதினேழாம் நம்பர் கட்டடம்

நாவல்பேட்டுக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும், அந்த ஊரில் தான் குடியிருப்பதாகத் திருவேங்கடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. யாராவது கேட்டால், "டிரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டுக்கீறேன்" என்பார். வந்த மூன்றாம் மாதம் சொன்ன பதில் அது. பதினோராம் வருஷமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்சாரம் தாட்சாயணியும் பெண் குமுதவல்லியும் திருவள்ளூரில், மாமனார் வீட்டு மாடியறையில் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போவார். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவார். குழந்தை முதன்முதலில் எழுந்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் பல் விழுந்தது ஒரு புதன்கிழமை. வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் தான் இல்லாத கிழமையாகப் பார்த்தே நடக்கிறது என்று அவருக்குத் தீராத மனக்குறை.

நாவல்பேட்டில் தையல்காரர் ஒருவர் வீட்டின் பின்பக்கத்து அறையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை. அவ்வளவுதான் அவர் குடித்தனம். எப்படியும் போகத்தானே போகிறோம் என்று ஒரு நல்ல தலையணைகூட வாங்கிக்கொள்ளவில்லை. ஊரையும் அப்படியேதான் வைத்திருந்தார். ரயிலுக்குக் காத்திருக்கிறவன் ஸ்டேஷன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டா இருப்பான்? தரையைப் பார்த்தபடி ஆபீசுக்குப் போவார், தரையைப் பார்த்தபடி திரும்பி வருவார். நடுவில், சாலையோரம் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கும் செங்கம்மாவின் கடையில் காலைப் பலகாரம். நாலு இட்லி கேட்டால் அவள் ஐந்தாவது ஒன்றைக் கேட்காமலே இலையில் வைப்பாள். சர்க்கார் ஆள் என்றால் அந்த மரியாதை இருக்கத்தானே செய்யும் என்று சாப்பிட்டுவிட்டு, தூணில் மாட்டிய குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆறேழு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த எல்லைத் தகராறு அந்த வருஷம்தான் ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்கு, சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு என்று முடிவாயிற்று. 1960 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல். சத்தியவேட்டோடு நாவல்பேடும் போகிறது. ஊரில் சிலர் அழுதார்கள், சிலர் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள், மிச்சப் பேர் வேர்க்கடலை என்ன விலைக்குப் போகும் என்று யோசித்தார்கள். திருவேங்கடத்துக்கு மட்டும் அது கோயில் கதவு திறந்த மாதிரி இருந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் எந்தப் பக்கம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாமாம். அவர் எழுதிக் கொடுத்த மை காய்வதற்குள் உத்தரவு வந்துவிட்டது: ஏப்ரல் முதல் தேதி திருவள்ளூரில் வேலை ஏற்க வேண்டியது.

ஒரே ஒரு நிபந்தனை. தன் பொறுப்பில் இருப்பதையெல்லாம், சித்தூரிலிருந்து வரும் ஆளிடம் ஒப்படைத்து, ஒன்றும் பாக்கியில்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வாங்காதவர், உட்கார்ந்திருக்கும் நாற்காலியோடு சேர்ந்து ஆந்திராவுக்குப் போய்விடுவார். அப்புறம் இந்தப் பக்கம் வருவதென்றால் இரண்டு சர்க்காரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சர்க்கார் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள எத்தனை வருஷம் பிடிக்கும் என்பதைத்தான் ஊரே பார்த்துவிட்டதே.

தாட்சாயணி தகப்பன் வீட்டு மாடியை விட்டிறங்கி, கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தனி வீடு பிடித்துவிட்டாள். சுண்ணாம்பு அடித்தாயிற்று. "முப்பத்தொண்ணாந் தேதி ராத்திரி சாப்பாடு நம்ம வீட்டில்" என்று கார்டு போட்டிருந்தாள். அந்தக் கார்டை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

அவர் பொறுப்பில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு பதிவேடு. நாவல்பேட்டில் உள்ள சர்க்கார் கட்டடங்கள், மொத்தம் இருபத்து மூன்று. வருஷத்துக்கு ஒருமுறை, ஜனவரி மாதம், ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து அதற்கெதிரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரும் தவறாமல் எழுதினார். ஆபீசில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லிவிட்டு, டீ ஆறுவதற்குள் இருபத்து மூன்று தடவை எழுதி முடிப்பார்: "நேரில் பார்வையிட்டேன். நல்ல நிலையில் உள்ளது." அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். அவருக்கும் முன்னால் இருந்தவரின் கையெழுத்து இன்னும் அழகு.

சித்தூரிலிருந்து வந்த ரங்கையா இருபத்து நாலாம் தேதி வியாழக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கினார். திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு நேரே வந்திருந்தார். தலையில் சந்தனம்கூட முழுசாகப் போகவில்லை. கையில் அளவு டேப்பு, காதில் சிவப்புப் பென்சில். பயணிகள் பங்களாவில் இறங்கித் தானே சமைத்துச் சாப்பிடுகிற மனிதர்.

"சார், பதிவேட்ல கையெழுத்து போடுங்க, சாயங்காலமே நீங்க ஊருக்குத் திரும்பிடலாம்" என்றார் திருவேங்கடம்.

"அதெப்படிங்க? கட்டடத்தைப் பாக்காம கையெழுத்தா?" ரங்கையாவின் தமிழில் தெலுங்கு தாராளமாகக் கலந்திருந்தது. "புத்தூர்ல ஒருதரம் பாக்காம போட்டேன். அந்த ஒரு கையெழுத்துக்கு மூணு வருஷம் சித்தூருக்கும் புத்தூருக்கும் நடந்தேன். இப்ப கண்ணால பாத்தா தான் போடறது. பதண்டி, போவலாம்."

இருபத்து மூன்றில் எது எங்கே இருக்கிறது என்றுகூடத் திருவேங்கடத்துக்குத் தெரியாது. ஆனாலும் எழுந்தார். ஆபீஸ் பியூன் பாலையா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

இருபத்து மூன்றையும் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் திருவேங்கடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. தினம் கடந்து போன வழியிலேயே நின்றுகொண்டு, "இதுவா? இதுவா?" என்று ஊர்க்காரர்களைக் கேட்டார். பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டு, அவர் குடியிருந்த தெருவின் கோடியிலேயே இருந்தது. ஆளுயரக் கல்சுவர், நடுவே ஒரு தொட்டி, உள்ளே யாருடைய எருமையோ சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சுவரோரமாகப் பதினோரு வருஷம் நடந்திருக்கிறார். அம்மை குத்துகிற கொட்டகை சந்தைக்குப் பின்னால் இருந்தது. அதற்குள் யாரோ வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்தார்கள். மழை அளக்கிற கருவிக்குக் கம்பிவேலி போட்டு, வேலிக்குப் பூட்டுப் போட்டு, பூட்டின்மேல் ஒரு ஓணான் உட்கார்ந்திருந்தது. அதைக்கூட ரங்கையா அளந்து எழுதிக்கொண்டார். ஓணானையல்ல, வேலியை.

ஆச்சரியம் என்னவென்றால், ஒவ்வொன்றும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஒன்றுக்கு ஓடு போயிருந்தது, ஒன்றுக்குக் கதவு ஆடியது. மற்றபடி எல்லாம் இருந்தன. முதல் நாள் முழுக்கப் பயத்தில் நடந்தவருக்கு இரண்டாம் நாள் மத்தியானம் தைரியம் வந்து, பாலையாவுக்கு சோடா வாங்கிக் கொடுத்தார். ஊர் பரவாயில்லையே என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டிப்பேட்டைக்கு வந்தார்கள். ஒருகாலத்தில் நூறு மாட்டுவண்டி அவிழ்த்துவிடுகிற மைதானம். இப்போது வண்டி பத்துதான். மிச்ச இடத்தில் கடலை ஏற்றும் லாரிகள் நின்றன. புழுதியும் டீசலும் சாணமும் கலந்த நாற்றம். ரங்கையா பதிவேட்டைப் பிரித்து வாசித்தார்.

"பதினேழு. வண்டிப்பேட்டை, கிழக்கு எல்லையில், காவற்காரன் அறை. பதினாலு அடிக்குப் பத்து அடி. ஓட்டுக்கூரை. கதவு மேற்கு பார்த்தது ஒன்று. கிழக்கே தாழ்வாரம், வளையத்துடன் கூடிய கல்தூண் இரண்டு." தலையை நிமிர்த்தினார். "எங்கங்க?"

கிழக்கே பார்த்தால், வரிசையாக மூன்று லாரி. லாரிகளுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு விறகு அடுக்கி வைத்த ஏதோ ஒரு அழுக்குச் சுவர், பக்கத்தில் இரண்டு வீடுகளின் முதுகு. அறை என்று சொல்ல ஒன்றுமில்லை. திருவேங்கடம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். லாரிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"பாலையா, இங்க ரூம் இருந்திச்சா?"

பாலையா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்தான். "எனக்கின்னா தெரியும் சார்? இல்லன்னே எழுதிடுங்களேன்" என்றான். கண்ணைச் சிமிட்டியதுபோலவும் இருந்தது. இவனுக்கு வேறு இந்த நேரத்தில் தமாஷா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரங்கையா பதினேழுக்கு எதிரே சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டார். "திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்குது. தேடுங்க. இருக்குதுன்னா காட்டுங்க. காலியா, பூட்டு போட்டு, சாவி என் கையில குடுக்கணும். இல்லைன்னா இல்லைன்னு எழுதித் தாங்க."

"இல்லைன்னு எழுதினா?"

"பதினோரு வருஷம் நேரில் பாத்தேன், நல்லா இருக்குதுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே. அது பொய்யின்னு ஆவும். விசாரணை வரும். விசாரணை முடியாம உங்களை எவரு விடுவாங்க?" அவர் குரலில் கெடுதல் எண்ணம் ஒன்றும் இல்லை. புத்தூரில் நடந்த கால் வலி இன்னும் நினைவிருக்கிற மனிதரின் குரல்.

சனிக்கிழமை முழுக்கத் திருவேங்கடம் அலைந்தார். டீக்கடையில் கேட்டார், மாட்டுத் தரகரைக் கேட்டார், லாரி ஷெட்டில் கேட்டார். கேட்ட எல்லோரும் பாலையா சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்கள். "நீங்களே கேக்கிறீங்களே சாரே!" என்று முதுகில் தட்டாத குறையாகச் சொன்னார் தரகர். ஊரே சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறது என்று நினைத்தார். அன்று சாயங்காலம் திருவள்ளூர் பஸ்ஸுக்குப் போகவில்லை. போய் அந்த வெள்ளையடித்த வீட்டில் உட்கார்ந்து எந்த முகத்தோடு சாப்பிடுவது? இந்த ஊர் தன்னைக் காலைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளப் பார்க்கிறது என்று முதல்முறையாகப் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கம்மா கடையில் கூட்டமில்லை. கீற்றுக் கொட்டகைக்கு உள்ளே, வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து, குடையை மாட்டக் கையை உயர்த்தினார். மாட்டிவிட்டு எடுத்த கை அப்படியே நின்றது.

குடை ஒரு இரும்பு வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வளையம் ஒரு கல்தூணில் இருந்தது. புகைபடிந்து கறுத்துப்போன தூண். மூன்று கஜம் தள்ளி, மாவுப் பானைக்குப் பக்கத்தில், அதேபோல இன்னொரு தூண், இன்னொரு வளையம். மாட்டைக் கட்டுகிற வளையம்! அவர் அண்ணாந்து பார்த்தார். முன்னால் நீட்டிய கீற்றுக்கு மேலே, பின்பக்கமாக, ஓடு. கீழே பார்த்தார். செங்கல் தளம். வெளியே ஓடிப்போய்ச் சுற்றி வந்து வண்டிப்பேட்டைப் பக்கம் நின்று பார்த்தார். லாரிக்குப் பின்னால் தெரிந்த அந்த அழுக்குச் சுவர் இதனுடைய முதுகுதான். விறகை நாலு கட்டை நகர்த்தினால் பின்னால் கதவு.

பதினோரு வருஷமாகத் தினம் காலையில் பதினேழாம் நம்பர் கட்டடத்துக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறார்!

அவருக்குக் கூத்தாட வேண்டும்போல இருந்தது. நேரில் பார்வையிட்டேன் என்று எழுதியது பொய்யில்லை! ஒருநாள் விடாமல் பார்வையிட்டிருக்கிறார்! அறைக்கு ஓடி, ஆபீஸ் டேப்பை எடுத்துவந்து, மூச்சிரைக்கச் சுவரை அளந்தார். பதினாலு அடி. அந்தப் பக்கம் பத்து. அங்குலம் பிசகவில்லை. அளந்துகொண்டே, தாழ்வாரத்துப் பக்கம் பிற்பாடு யாரோ உடைத்துவைத்த வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு பாய், அரிசிப் பானை, ஆணியில் காக்கிச் சட்டை ஒன்று.

"ஐயா, இன்னா அளக்கிறீங்க?"

செங்கம்மா கரண்டியோடு நின்றாள். ஐம்பது வயசிருக்கும். பொட்டில்லாத நெற்றி வியர்த்திருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், "ஓடு மாத்திக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாங்கையா. இதுக்கு மேலயும் உங்களுக்குத் தொந்தரவு குடுத்தா எனக்கு நல்ல கதி கெடைக்காது."

"இன்னா தொந்தரவு?"

"தெரியாத மாதிரியே கேளுங்க." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க ஊரை உட்டுப் போறீங்கன்னு பாலையா சொன்னான். இத்தினி நாள் வாய்தொறந்து சொல்லல, போறப்பவாச்சும் சொல்லிடறேன். எங்க வூட்டுக்காரரு கங்கையா இந்தப் பேட்டைக்குக் காவலு. அவுரு போய்ச் சேந்ததும், நாளைக்கே தொரத்திடுவாங்கன்னு மூட்டை கட்டி வெச்சிருந்தேன். போறதுக்கு எடமும் கெடையாது. அந்த வாரந்தான் நீங்க ஆபீசுக்கு வந்தீங்க. மொத நாளே இங்க வந்து, நேரா அந்த வளையத்துல குடையை மாட்டிக்கினு குந்தினீங்க. சர்க்காரு கட்டடத்துக்கெல்லாம் இவருதான் அதிகாரின்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

திருவேங்கடம் டேப்பைச் சுருட்ட மறந்து நின்றார்.

"இன்னிக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருந்தேன். வருசா வருசம் தை மாசம் கட்டடத்தைப் பத்தி எழுதுவீங்களாமே. அந்த மாசம் பூரா எனக்குச் சோறு எறங்காது. எழுதி முடிச்சிட்டு அடுத்த நாள் காலையில இங்கதான் துன்ன வருவீங்க. உங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி குந்திக்கினு துன்னுவீங்க. ஒரு வார்த்தை? ஒரு ஜாடை? உதவி செஞ்சவன் அதைக் கண்ணுலயாச்சும் காட்டுவான். நீங்க அதையும் காட்டல. ஊருக்கே தெரியும்யா. அதான் யாரும் வாயைத் தொறக்கிறது கெடையாது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "புதுசா வந்திருக்கிறவரு உங்களை மாதிரி இருப்பாரான்னுதான் பயம். போறதுக்கு முன்ன அவுருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

எனக்கு ஒன்றும் தெரியாது, நான் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் நிஜம். ஆனால் "சரிம்மா" என்று என்னவோ முனகிவிட்டு இட்லி சாப்பிடாமலே வந்துவிட்டார்.

அன்று பூரா அவருக்குச் செங்கம்மாவின் மேல்தான் ஆத்திரம். இவளை யார் நன்றி சொல்லச் சொன்னது? ஐந்தாவது இட்லியை வைத்து வைத்தே ஒரு மனுஷனைக் கட்டிப்போட்டுவிட்டாளே! அவள் சொல்கிற அந்த நல்லவன் யார்? அப்படி ஒருவனை அவருக்குத் தெரியாது. தரையைப் பார்த்து நடந்த ஒரு குமாஸ்தாவை அல்லவா தெரியும்? ஒரு குருட்டு ஆளுக்குப் போய் ஊரே சேர்ந்து பதினோரு வருஷம் மாலை போட்டிருக்கிறது. இல்லாத ஒருவனுக்காகத் தன் பெண்டாட்டி பிள்ளையை விட வேண்டுமா? முடியாது என்று சாயங்காலம் முடிவு செய்தார். கடைத்தெருவுக்குப் போய் நல்ல கனமான பூட்டாகப் பார்த்து வாங்கினார். செங்கம்மாவுக்கு இரண்டு நாள் அவகாசம், வேறு இடம் பார்க்கத் தன்னாலான உதவி, எல்லாம் மனசுக்குள் பேசித் தீர்த்து, வார்த்தை பிசகாமல் ஒத்திகையும் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ரங்கையாவோடு வண்டிப்பேட்டைக்குப் போனார். ஜிப்பா பையில் பூட்டு கனத்தது. மேல்பையில் தாட்சாயணியின் கார்டு. பாலையா பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். லாரிகளில் ஒன்று போயிருந்தது. விறகும் சுவரும் அன்றைக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தன. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் வந்தது.

"பதினேழு" என்றார் ரங்கையா. "கெடைச்சுதா?"

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அந்த வார்த்தை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவள் கேட்பாள். கேட்டுவிட்டு என்ன நினைப்பாள் என்பதுகூட இல்லை. அந்த முகம் எப்படி மாறும் என்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இல்ல சார்" என்றார்.

பாலையா மெதுவாக மூச்சு விட்டான்.

ரங்கையா உடனே எழுதவில்லை. லாரியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தச் சுவரெதிரே நின்றார். விறகுக்கு நடுவே தெரிந்த கதவைப் பார்த்தார். இடுக்கில் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் சர்க்கார் கட்டடங்களோடு பழகினவருக்குச் சர்க்கார் தாழ்ப்பாள் தெரியாதா?

"இது யாரு சுவரு?"

"தனியார் வீடு சார்."

"அவுனா? அப்படிங்களா?" ரங்கையா திரும்பினார். "திருவேங்கடம்காரு, நல்லா யோசிச்சு சொல்லுங்க. நாளைக்கு வேணும்னாலும் சொல்லலாம். இல்லைன்னு ஒருதரம் எழுதிட்டா, பதினோரு வருஷம் பொய்க் கையெழுத்து போட்டவரு நீங்க."

"ஆமா சார். பொய்தான். நான் ஒரு வருஷங்கூட வந்து பாக்கல."

அவர் சொன்னதில் பாதி சத்தியம். எந்தப் பாதி என்பது ரங்கையாவுக்கு விளங்கியதோ இல்லையோ, தன் மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு பாலையாவின் முதுகில் பதிவேட்டை வைத்து, பதினேழாம் நம்பருக்கு எதிரே, "மேற்படி கட்டடம் இல்லை" என்று தெலுங்கில் எழுதினார். திருவேங்கடம் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் இல்லாத கட்டடத்தை யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். அந்த மட்டில் சர்க்காரை நம்பலாம்.

"ராமா" என்று சொல்லிக்கொண்டே ரங்கையா டேப்பைச் சுருட்டினார்.

புதன்கிழமை தந்தி வந்தது. பொய்ச் சான்று கொடுத்த விஷயமாக விசாரணை. விசாரணை முடியும்வரை திருவேங்கடம் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டியது. திருவள்ளூர் உத்தரவு ரத்து. விசாரணை சித்தூரில் நடக்கும், தேதி பின்னால் தெரிவிக்கப்படும்.

முப்பத்தொன்றாம் தேதி ஒருநாள் லீவு கேட்டார். கொடுத்தார்கள். மத்தியான பஸ்ஸில் திருவள்ளூர் போய் இறங்கி, குளத்தோரத் தெருவில் விசாரித்துக்கொண்டு நடந்தார். தன் வீட்டை இன்னொருவரிடம் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நீல வாசற்கதவு. வாசலில் பெரிதாகக் கோலம். குமுதவல்லி ஓடிவந்து பையை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, டிரங்குப் பொட்டி எங்க?"

"அப்பால வரும்மா" என்றார். பெண்ணை எதிர்வீட்டுக்கு விளையாட அனுப்பினாள் தாட்சாயணி. பெட்டி இல்லாமல் வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி புரிந்திருக்கும்.

உள்ளே சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. சுவரோரம் புதுப் பாய் இரண்டு, பருத்தித் தலையணை மூன்று. அவர் தலையணை எது என்று கேட்காமலே தெரிந்தது. அதற்கு மட்டும் பூப்போட்ட உறை. திருவேங்கடம் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல், வளையத்திலிருந்து தந்திவரைக்கும் சொன்னார். தாட்சாயணி உட்கார்ந்து கேட்டாள். அடுப்பில் குழம்பு பொங்கியபோது மட்டும் எழுந்துபோய் இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"எப்ப முடியும் விசாரணை?"

"தெரியல. அப்புறமும் ரெண்டு சர்க்காரும் ஒத்துக்கணும்."

"அந்த இட்லிக்காரி உங்களுக்கு யாரு?"

"யாருமில்ல."

"நீங்க அவளைக் காப்பாத்தவும் இல்ல. அவளா நெனச்சிக்கினு இருந்தா."

"ஆமா."

"அப்ப எதுக்குங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பதினோரு வருஷமா என்னை நம்பிக்கினு இருந்தா, தாட்சாயணி. அவ மூஞ்சியைப் பாத்து என்னால சொல்ல முடியல."

தாட்சாயணி பூப்போட்ட உறையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை, குரலும் உயரவில்லை.

"நானுந்தாங்க பதினோரு வருஷமா நம்பிக்கினு இருந்தேன்" என்றாள்.

எழுந்துபோய்ப் பெண்ணைக் கூப்பிட்டாள். இலை போட்டாள். மூன்று பேரும் அந்த வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து, பொழுது சாய்வதற்கு முன்னாலேயே ராத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். கடைசி பஸ் ஐந்தரை மணிக்கு. விடிந்தால் நாவல்பேடு வேறு ராஜ்யம். அவர் அங்கே இருந்தாக வேண்டும்.